அப்பால பேசலாம்

திருமுல்லைவாயிலுக்குக் குடிவந்த புதிதில், மளிகைக் கடையில் கோதுமை மாவு கேட்டேன். "இன்னும் வர்லம்மா, அப்பால வா" என்றார் கடைக்காரர். நான் கல்லாவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றேன். "இன்னாம்மா, இங்க வந்து நின்னுகினு கீற?" என்று அவர் திகைத்துப்போனார். இந்த ஊரில் அப்பால என்றால் பிறகு. நாகர்கோவில் பக்கம் நாங்கள் 'பொறவு' என்போம்; அப்பால் என்பது எங்களுக்கு அந்தப் பக்கம். ஒரே மாநிலம்தானே, இதில் என்ன புலம்பெயர்வு என்று கேட்கும் ஊர்க்காரர்கள், அன்றைக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்ற என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தச் சொல்லை எனக்கு முழுதாகப் புரியவைத்தவன் தினேஷ். அண்ணனூர்க்காரன், அம்பத்தூர் எஸ்டேட்டில் இருவருக்கும் ஒரே அலுவலகம். பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னதும் அவன்தான். ஊரில் எனக்கு ஒரு வரன் வந்து, அவர்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள். தினேஷைப் பற்றிச் சொன்னபோது அம்மா சத்தம் போடவில்லை. "அந்தப் பையன் ஒருக்கா எங்கிட்ட பேசட்டு மக்ளே. பேசினா இவியள வேண்டாம்னு சொல்லிருகேன்" என்றாள். அதை அவனிடம் சொன்னேன்.

"அப்பால பேசலாம்பா" என்றான்.

பிறகு வாட்ஸ்அப்பில் கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுபடி கேட்டேன், மறுபடி நீல டிக். எங்கள் ஊரில் கேட்டதற்குப் பதில் வராவிட்டால் சண்டை என்று அர்த்தம். முகத்தையாவது தூக்கி வைத்துக்கொள்வார்கள். இவனோ மறுநாள் சிரித்த முகமாக டீ வாங்கித் தந்தான். சென்னைக்காரர்கள் இப்படித்தான் போலிருக்கிறது என்று, ஒரு நகரத்தையே அவனுக்கு வக்காலத்து வாங்க வைத்தேன். நெட்வொர்க், ஷிப்ட், அவன் அம்மாவின் சர்க்கரை என்று காரணங்களையும் நானே தயாரித்தேன். ஆனால் கேண்டீனில் இன்று என்ன, லீவை யாரிடம் சொல்வது என்று எதைக் கேட்டாலும் பதில் உடனே வந்தது. எந்தக் கேள்விக்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஒருநாள் காலை, அவன் அண்ணனூரில் ஏறும் நேரம். அடுத்த ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்த நான் இரண்டையும் ஒன்றாகவே அனுப்பினேன்: "வண்டி வருதா? இன்னைக்கு எங்கம்மாகிட்ட பேசுவியா?"

"வந்துகினு கீது" என்று பதில் வந்தது.

முதல் கேள்விக்கு மட்டும். வலித்தது. கூடவே, இனி காரணம் தயாரிக்க வேண்டாம் என்ற நிம்மதியும் இருந்தது.

பெண்கள் பெட்டியில் ஏறி அம்மாவை அழைத்தேன். "அவன் பேசமாட்டான்மா. அந்த வரனும் எனக்கு வேண்டாம்."

அதற்கு அம்மா, "அவனும் இல்லன்னா பின்ன ஆருக்கு வேண்டி மக்ளே அங்க கெடக்க? வந்திரு" என்றாள்.

வேலைக்காக என்று சொல்லியிருக்கலாம். அது முழு உண்மை இல்லை. அதற்குள் நான் இறங்க வேண்டிய அம்பத்தூர் வந்துவிட்டது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொள்ள, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசலின் நடுவே நின்றேன்.

"மக்ளே, கேக்கியா?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்; இந்த முறை நீல டிக் என்னுடையது.