அக்கா மிதிக்கச் சொன்ன விமானம்

விசிறி வாலில் இருக்கிற சண்டை விமானத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஜப்பான்காரன் ஒன்று செய்தான். மூக்கருகே குட்டி இறக்கை, பின்னால் விசிறி. தலைகீழாகப் பூட்டிய மாதிரி இருக்கும். சில தடவைதான் பறந்தது. அதற்குள் இரண்டாம் உலகப் போர் முடிந்து, திட்டத்தையே ஊற்றி மூடிவிட்டார்கள்.

இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் நகரத்தின் லான்மடா வட்டாரத்தில் டிவி கடைகள் தூக்கிப்போடும் தெர்மாகோலை அள்ளிவந்து, ரிமோட்டில் பறக்கும் பொம்மையாகத் தானே செய்தாள். முதல் ஓட்டத்திலேயே விசிறி தரையில் அடித்து உடைந்தது.

"நெசமான ப்ளேனுக்கும் இதேதான்டி ஆச்சு!" என்று ஜெயித்தவள் போலக் குதித்தாள். வாலுக்கடியில் சின்னச் சக்கரம் வைத்தால் சரியாகுமாம். சக்கரம் என் பொம்மைக் காரிலிருந்து போனது. ஆகவே விமானத்தில் எனக்கும் பங்கு.

ஆற்றுக்கு அக்கரையில், த்வாண்டே பக்கம் அறுத்த வயலில் பறக்கவிட மாமா எங்களைப் படகில் கூட்டிப்போனார். விமானம் அரிசிச் சாக்குக்குள். துறை நெருங்கியதும் மாமாவின் முகம் செத்துவிட்டது. கரையில், ஆட்சியைப் பிடித்திருந்த ராணுவத்தின் சிப்பாய்கள் எல்லார் மூட்டையையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதப் பாத்தா குண்டு போடுற ட்ரோன்னுவான். உன்னத்தாம்மா கொண்டுபோவான்."

அக்கா கரையைப் பார்த்தாள். "மிதிங்க மாமா."

"வேற வழி எதும்..."

"மிதிங்கன்றேன்ல!"

மிதித்தார். மோட்டார், பேட்டரி, ரிமோட் எல்லாம் ஆற்றுக்குள் போயின. நான் அவர் கையைக் கடித்தேன்.

கரையில் ஒருவன் சாக்கைக் குத்திப் பார்த்தான். மீன் ஐஸ் பெட்டி, உடைந்துவிட்டது என்றாள் அக்கா. இவள் ஏன் அழுகிறாள் என்று கேட்டான். பல் வலி என்றார் மாமா, கடிபட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. அக்கா வயதுதான் இருக்கும் அவனுக்கு. பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தான். அதைத் தின்றும் தொலைத்தேன்.

மாமாவோடு மாதக்கணக்கில் பேசவில்லை. பொம்மைக்குப் பயந்த கோழை என்று திட்டினேன். மிதிக்கச் சொன்னது யார் என்று காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை. தெர்மாகோலுக்குப் பயந்தவர்கள் கரையில் துப்பாக்கியோடு நின்றவர்கள் என்பதும் ஏறவில்லை. அக்கா ஒட்டிச் செய்தது பறக்கக் கூடாது. இவன்கள் வாங்கிவந்து ஊர்மேல் குண்டு போடுவது மட்டும் பறக்கலாம். என்ன எழவு நியாயம் இது?

இதை டைப் அடிக்கும்போது மேலே ஒரு ஜெட் போகிறது. ஜன்னல் கண்ணாடி ஆடுகிறது.