மசில் காருக்கு வைத்த பொட்டு

பார்சிப்பனியில் எங்கள் வீட்டு கராஜில் ஐம்பது வயதைக் கடந்த மசில் கார் ஒன்று, பெரிய இன்ஜின் வைத்த அந்தக் காலத்து அமெரிக்க வண்டி, நிற்கிறது. தொழிற்சாலையில் அடித்த அதே பெயின்ட். மங்கிப்போனதுதான், ஆனால் யாரும் கை வைக்காதது. அதன் மதிப்பே அதுதான். ஈரத்துணியால்கூட நான் அழுத்தித் துடைத்ததில்லை.

அப்படிப்பட்ட நான்தான் போன ஆயுத பூஜையன்று, பழக்கதோஷத்தில் அதன் பானட்டில் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தேன். முதல் முட்டாள்தனம் என்னுடையது.

பூஜைக்கு என் கணவரின் நண்பர் ரமேஷ் வந்திருந்தார். மூன்று வருடத்துக்கொரு முறை லீஸ் காரை மாற்றுவதாலேயே கார் நிபுணராகிவிட்டவர். “என்னங்க இது, காயலான்கடை வண்டி மாதிரி! ரீபெயின்ட் பண்ணிடுங்க” என்றார்.

பக்கத்து வீட்டுக்குச் சுண்டல் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், மனிதர் எங்கள் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரால் காய்ந்த சந்தனத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்!

நான் போட்ட கூச்சலில் கை நின்றது. அதற்குள் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்து, அடியிலிருந்த ப்ரைமர் பூச்சு பல்லை இளித்தது.

“கறை புடிச்சிடுமேன்னுதாங்க தேய்ச்சேன்” என்றார். வருத்தமா? மருந்துக்கும் இல்லை. “மிச்சத்தையும் தேய்ச்சுட்டா எல்லாம் மேட்ச் ஆயிடும்” என்று யோசனை வேறு!

மீதி பானட் தப்பியது என் தொண்டையின் புண்ணியம். இப்போதெல்லாம் சந்தனமும் குங்குமமும் கார் சாவிக்கு மட்டும்தான். கராஜுக்குள் வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கிண்ணம் சுண்டல். ரமேஷுக்கு மட்டும் இரண்டு. ஒரு கைக்கு ஒன்று.