செயற்கைக்கோளுக்குத் தடம் விட்ட கதை

புதிதாக ஒரு செயற்கைக்கோளை மேலே அனுப்பியிருக்கிறோம், இனி உங்கள் டிவிக்குப் படம் அதிலிருந்துதான் வரும், ஆகவே டிஷ்ஷைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள் என்று திரையின் அடியில் சில நாட்களாக எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் எங்கள் தோட்டத்து வேலித் தகராறுக்கும் முடிச்சு விழும் என்று அதை அனுப்பியவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் தோட்டம் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே இருக்கிறது. அதில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். கிழக்கே எங்களுடையது, மேற்கே சித்தப்பாவுடையது. பாகம் பிரித்த பிறகு ஒருநாள் சித்தப்பாவின் டிராக்டர் வழி விலகி அப்பாவின் தென்னங்கன்று ஒன்றின்மேல் ஏறிவிட்டது. ஒரே ஒரு கன்று. அதற்கு அப்பா இரண்டு வாசலுக்கும் நடுவே கல் நட்டுக் கம்பிவேலி போட்டார். அண்ணன் தம்பி பேச்சும் அன்றோடு நின்றது. கூப்பிடு தூரத்து வீட்டுக்கு ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எங்கள் பக்கம் நிலத் தகராறில் பாதி தடத் தகராறுதான். யார் நிலத்து வழியாக யார் போவது என்பதற்கே ஆயுசு போய்விடும்.

கேபிள்காரர்கள் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பதால் இரண்டு வீட்டுக்கும் டிஷ்தான். மெக்கானிக் வந்தார். எங்கள் மாடியில் இருந்ததைத் திருப்பிவிட்டு, ரோட்டைச் சுற்றி சித்தப்பா வீட்டுக்குப் போனார். பழைய கோள் ஏறக்குறைய உச்சியில் இருந்ததாம், புதியது கிழக்கே சாய்ந்து நிற்கிறதாம். சித்தப்பாவுடையது ஓட்டு வீடு. டிஷ் வைக்கத் தோதாக இருந்தது எங்கள் பக்கம் ஒட்டிய சின்ன அறையின் மொட்டைமாடி மட்டும்தான். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் எங்கள் மாடியும், அதன்மேல் அப்பா புதிதாக ஏற்றியிருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும்தான் தெரியும்.

“ஏனுங்க, தொட்டி மறைக்குதுங்க,” என்றார் மெக்கானிக், யாரைப் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சித்தப்பா, “தொட்டியக் கொஞ்சம் நவுத்தச் சொல்லுங்க தம்பி,” என்றார்.

இந்தப் பக்கம் நின்ற அப்பா, “எம்பட எல்லைக்கு மேல சிக்னல் வாரதுக்கு ஆரைக் கேட்டுத் தடம் போட்டாங்களாமா? கேளுங்க தம்பி,” என்றார்.

“மானத்துல எல்லைக்கல்லு எங்க நட்டிருக்குதுன்னு கேளுங்க,” என்றார் சித்தப்பா.

“கெணத்துக்குள்ள எல்லை இருக்குதல்ல? அதே மாதிரி மேலயும் போவுமுன்னு சொல்லுங்க,” என்றார் அப்பா.

ஒருவர் மூச்சு விடுவதுகூட மற்றவருக்குக் கேட்கும். ஆனாலும் மெக்கானிக், பாவம், இருவர் சொன்னதையும் மரியாதை குறையாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், தம்பி டிஷ்ஷையும் அண்ணன் மாடியிலேயே வைத்து ஒயர் இழுத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னார். “அது ஆவாதுங்க,” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இதில் அடிபட்டது சித்திதான். முழங்கால் ஆபரேசன் ஆகியிருந்தது. தடியை ஊன்றி வேலி வரைக்கும் வருவார், ரோட்டைச் சுற்றி எங்கள் வீட்டுக்கு வர முடியாது. அவருக்கு இருந்த ஒரே துணை சாயங்கால சீரியல். அம்மாவும் அவரும் அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் வேலியோரம் நின்று அலசுவார்கள். இப்போது அம்மா பார்த்து வந்து சொல்ல, சித்தி கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்பாவின் வீம்பைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவுக்குக் கதை சொல்லத் தெரியாது, தீர்ப்புச் சொல்லத்தான் தெரியும். மாதக்கணக்கில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்த நாத்தனாரை அம்மா இரண்டே நாளில் ஜெயிலுக்கு அனுப்பினார். கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த பெண்ணுக்கு வேலியோரத்திலேயே முகூர்த்தம் குறித்தார். “நெசமாலுமாங்க்கா?” என்று சித்தி வாயைப் பிளப்பார். “பின்ன, நான் பொய்யா சொல்றேன் கண்ணு?” என்பார் அம்மா. ஒருநாள் கரண்ட் போய் அம்மாவே சீரியல் பார்க்கவில்லை. சொல்ல எதுவும் இல்லாமல், மறுநாள் அந்தக் குடும்பத்துப் பெரியவரை மாரடைப்பில் கொன்றுவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே வந்துவிட்டார்.

அந்தப் பெரியவர் என்றால் சித்திக்கு உயிர். வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பா காதில் அது விழுந்தது. தம்பிக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். வேலி தடுத்தது. தான் நட்ட கல்லையே பிடித்துக்கொண்டு, “அம்மணி, என்னாச்சு அம்மணி?” என்று கத்தினார். சித்தி அழுதுகொண்டே கையை விரித்தார். அப்பா ரோட்டைப் பார்த்து ஓடினார். எழுபதைத் தாண்டிய மனிதர், காலில் செருப்பில்லாமல், அவிழ்கிற வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேரவும், சித்தப்பா தலையில் புல்லுக்கட்டோடு வீட்டுக்குப் பின்னாலிருந்து வரவும் சரியாக இருந்தது.

“எங்கடா போய்த் தொலஞ்ச?” என்றார் அப்பா.

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு தம்பியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். சித்தப்பா மிரண்டுபோய், “புல்லறுக்கப் போனனுங்ணா,” என்றார். அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, வெயில் அதிகம் என்றார். செத்தது யார் என்று விக்கலுக்கு நடுவே சித்தி சொன்னபோது சிரிக்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் பாய்ந்தார். “அங்க டிவி ஓடுனா நான் ஏனுங்க ஆளக் கொல்றேன்?” என்றார் அம்மா.

மறுநாள் மெக்கானிக்கை போன் போட்டு வரவழைத்தது அப்பாதான். சித்தப்பாவின் டிஷ் எங்கள் மாடிக்கு ஏறியது. அதையும் ஏணியையும் ரோட்டைச் சுற்றிச் சுமந்து வர வேண்டாமென்று, அப்பாவே கடப்பாரையால் இரண்டு கல்லைப் பிடுங்கிக் கம்பியைச் சுருட்டி வைத்தார். “ஏணி வாரதுக்குத்தானுங்க,” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

சித்தப்பா வீட்டில் படம் வந்தது. சாயங்காலம் பெரியவர் உயிரோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். சித்தி அம்மாவைத் திட்டியது எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்டது.

அன்று மத்தியானம் மெக்கானிக் கிளம்பும்போது, “வேலியக் கட்டிப்போடலாமுங்களா? நானும் ஒரு கை புடிக்கறேன்,” என்றார்.

“டிஷ் இங்கதான இருக்குது. ஏதாச்சும் ஆச்சுன்னா எந்தம்பி வந்து பாக்க வேண்டாமுங்களா?” என்றார் அப்பா. பிறகு அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். “அந்தக் கோளு எத்தன வருசத்துக்கு இருக்குமுங்க?”

“பதினஞ்சு வருசம்னு சொல்றாங்க.”

“செரி, அதுக்கப்பறம் கட்டிக்கலாம்,” என்றார் அப்பா.