இனசனம் எட்டாத ஆஸ்பத்திரி

ஒரு மனிதனின் சிறுநீர் செங்கல் நிறமாக மாறுவதை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். அண்மையில்தான், நம்மூர் ஆஸ்பத்திரியில்.

பயப்பட வேண்டாம், என்னுடையது அல்ல! என் மனைவியின் அண்ணன் கந்தப்போடியாருடையது. கரடியனாற்றில் வயல் செய்கிறவர். கால் பெருவிரலில் வந்த புண் ஆறாமல் அடம்பிடித்தது. டொக்டர் சிறுநீரை ஒரு நீல மருந்தோடு கலந்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காய்ச்சினார். நீலம் மாறாவிட்டால் சீனி இல்லை; பச்சையானால் கொஞ்சம். செங்கல் நிறம் வந்தால்...

"சீனி குறையாட்டி விரலை எடுக்க வேண்டி வரும்" என்றார்.

மச்சானின் முகம் செத்துவிட்டது. "விரல் இல்லாம வட்டை வயல் சேத்துக்குள்ள எப்படிக் கால் ஊண்டுவன் மச்சான்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வார்ட்டில் சேர்த்தோம். புதிதாக வந்திருக்கிற இன்சுலின் ஊசி, குரக்கன் ரொட்டி, கீரை. குழாய் பச்சைக்கு இறங்கியது. பிறகு? மறுபடியும் செங்கல்!

டொக்டர் ஊசி மருந்தைச் சந்தேகித்தார். நான் தலையணையைச் சந்தேகித்தேன். தூக்கிப் பார்த்தால் — சர்க்கரைத் தொதல், எள்ளுருண்டை, ஒரு போத்தல் தேன்!

நோயாளியை வெறுங்கையோடு பார்க்கப் போகிற வழக்கம் நம்மிடம் ஏது? தொதல், ஏறாவூர்ச் சிநேகிதர் காசிம் கொண்டுவந்தது. எள்ளுருண்டை, தன்னாமுனைப் பெரியம்மா. தேன், கதிரவெளிச் சித்தப்பா. அவர் டொக்டரிடமே வாதாடினார்.

"தேன் எப்படி இனிப்பாகும் கா? அது மருந்தெல்லோ!"

"கொண்டுவந்தால் தின்னத்தான் வேண்டுமா?" என்று மச்சான் மேல் பாய்ந்தேன்.

"அவ்வளவு தூரத்தால வந்த சனம். மனம் நோகும் தானே..."

விரல் போனாலும் பரவாயில்லை, சித்தப்பாவின் மனம் நோகக்கூடாதாம். இவரை என்ன செய்வது?

வீட்டில் கூடிப் பேசினோம். இந்த வியாதிக்கு ஆகத் திறமான இடம் எது? மதராஸ் என்றார் ஒருவர். யாழ்ப்பாணம் என்றார் இன்னொருவர். கடைசியில் டொக்டரே என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கொழும்புக்குக் கொண்டு போங்க."

"அங்கே பெரிய மருந்து இருக்குதா?"

"இதே ஊசிதான். இதே குரக்கன்தான். ஆனா உங்கட இனசனம் அங்க இல்லையே!"

ரயிலேறினோம். கொழும்பு வார்ட்டில் எங்களை எட்டிப் பார்க்க ஒரு ஈ, காக்கை இல்லை. குழாய் பச்சையானது... ஒரு காலையில் நீலமாகவே நின்றது. மச்சான் அழுதார். நானும்தான். புண் காய்ந்தது, விரல் தப்பியது.

போன கிழமை ஊர் திரும்பினோம். மட்டக்களப்பு ஸ்டேஷனில் எங்கள் சனம் முழுவதும் நின்றது. ஆளுக்கொரு பெட்டி, பானை, பொட்டலம். எல்லார் கண்களிலும் ஈரம். இப்படி ஒரு அன்புக்கு நாம் என்ன கொடுத்து வைத்தோம்!

முன்னால் சித்தப்பா, தேன் போத்தலோடு. "சுகம் வந்திட்டுத் தானே மகன்! இனிப் பயமில்லாமச் சாப்பிடலாம்!"

மச்சான் படியில் வைத்த காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

"மச்சான்... இந்த ரயில் திரும்ப எப்ப கொழும்புக்குப் போகும்?"