மகேசனின் மாவும் மூச்சும்

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் மகேசனைத் தெரியாத குழந்தை கிடையாது. ஆன்ட்ரியாஸின் பீட்சாக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, மா உருண்டையைத் தட்டிப் பரத்தி, மடக்கிய கைமுட்டியில் ஏற்றி, மேலே சுழற்றி வீசிப் பிடிப்பார். பிடித்துப் பலகையில் போட்ட சூட்டோடு இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஓங்கி ஒரு தட்டு. மா புகைபோல எழும்பும். வெளியே நிற்கிற சின்னன்கள் துள்ளிக் குதிக்கும். முப்பது வருடத்துக்கு மேலாக இதுதான் அவருடைய தொழில், இதுதான் அவருடைய திருவிழாவும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இறைச்சி வாயில் வைக்க மாட்டார். அன்றைக்கு உப்புப் பார்க்கிற வேலை முதலாளி ஆன்ட்ரியாஸுடையது.

புதிதாக வேலைக்கு வருகிற எவரையும் அவர் சும்மா விட்டதில்லை. பீட்சாவின் வரலாற்றைக் கேட்டு முடித்த பிறகுதான் மேலங்கியே கட்டலாம். நேப்பிள்ஸில் அன்றாடங்காய்ச்சிகள் தெருவில் நின்று மடித்துத் தின்ற சாமான் அது என்று தொடங்குவார். ஊரில் பிழைக்க வழியில்லாமல் அவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது அதுவும் கூட ஏறியது. எழுபதாம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தம்பதி ஒஸ்லோவில் கடை திறந்தார்கள். மீனும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டிருந்த நோர்வேக்காரன் கத்தியும் முள்ளுக்கரண்டியும் எடுத்துக்கொண்டு பீட்சாவின் முன்னால் உட்கார்ந்தான், இன்னும் எழும்பவில்லை. பிறகு சண்டைக்குத் தப்பி நாங்கள் வந்தோம், எங்களை அடுப்படியில் விட்டார்கள். வீட்டை விட்டு ஓடினவன் கையாலேயே உலகம் சுற்றிய சாப்பாடு இது என்பார். அடுத்தது யாழ்ப்பாணம் என்று முடிப்பார். அங்கே ஏற்கனவே பீட்சா விற்கிறார்களே என்று யாராவது வாய் திறந்தால் போச்சு, அன்று முழுக்க வெங்காயம் உரிக்கிற வேலை அந்த ஆளுக்குத்தான்.

யாழ்ப்பாணத்தில் கடை போடுகிற ஆசை சும்மா வந்ததல்ல. சில வருடங்களுக்கு முன்பு அவருக்கு இருமல் தொடங்கியது. பிறகு இழுப்பு. மாடிப்படியில் பாதி வழியில் நின்று கைபிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பார். எங்கள் சனத்துக்கு வைத்தியம் சொல்லக் காசா பணமா? குளிர் என்றார் ஒருவர். பேர்ச் மரத்து மகரந்தம் என்றார் இன்னொருவர். மனைவி சத்தியபாமா யன்னலோரத்துச் சாடியில் வளர்த்த கற்பூரவள்ளியை மொட்டையடித்து அவித்து அவித்துக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் இருமல் போன இடம் தெரியாது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் சத்தியபாமாவின் தம்பி சந்திரகுமார் வீட்டில் தங்கி, குழந்தைபோல நித்திரை கொள்வார். திரும்பி வந்து வேலைக்கு இறங்கின கிழமையே இழுப்பு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஊர்க் காற்று! கோயிலிலும் கல்யாண வீட்டிலும் எல்லாரும் ஒரே தீர்ப்புத்தான். வெளிநாட்டிலிருந்து வந்த அத்தானை எந்த வீட்டில் குசினிக்குள் விடுவார்கள்? கதிரையில் இருத்தி, தேத்தண்ணியைக் கையில் கொடுப்பார்கள். ஊரில் நின்ற நாளெல்லாம் அவர் மாவைத் தொட்டதே இல்லை என்பதை இந்தப் பெரிய வைத்தியர்களில் ஒருவராவது யோசித்திருக்கலாம்.

ஒருவரும் யோசிக்கவில்லை. மகேசன் ஊரோடு போய்விடுவது என்று முடிவானது. சந்திரகுமார் கொக்குவிலில் ஒரு கடை பிடித்தார், கொழும்பிலிருந்து அடுப்பும் வந்து இறங்கியது. ‘ஒஸ்லோ பீட்சா’ என்று பெயர்ப்பலகைகூட எழுதியாகிவிட்டது. போன கோடையில் சத்தியபாமாவுக்கு லீவு கிடைக்காததால் மகேசன் தனியே போனார். திறக்க முன்னம் ஒருக்கால் சுட்டுப் பார்ப்போம் என்று மாவைக் கொட்டினார். அயலட்டை முழுக்க வாசலில் நின்றது. சுழற்றினார், பிடித்தார், கையைத் தட்டினார். மா எழும்பியது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இறுகத் தொடங்கியது.

அடுப்பு வெக்கை என்றார் சந்திரகுமார். வெளியே கதிரை போட்டு இருத்தி விசிறினார்கள். அத்தனை பேரும் புகழ்ந்த அதே ஊர்க் காற்று முகத்தில் பட்டது, உள்ளே போகமாட்டேன் என்றது. மகேசனுக்கு அந்தக் கதிரையிலேயே விளங்கிவிட்டது. விளங்கியும் வாய் திறக்கவில்லை. சொன்னால் கடையும் போச்சு, போக்கிடமும் போச்சு. ஓம், வெக்கைதான் என்று தலையாட்டிவிட்டு விமானம் ஏறினார்.

அவர் மூச்சு விடுகிற சத்தம் அடுத்த அறை வரைக்கும் கேட்டதில் மகள் தனுஷாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கற்பூரவள்ளிச் சாடியைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தகப்பனை வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வைத்தியர் முழங்கைக்குக் கீழே சொட்டுச் சொட்டாக ஏதேதோ விட்டு ஊசி முனையால் குத்தினார். ஒரே ஓர் இடம் நுளம்பு கடித்ததுபோலத் தடித்துக்கொண்டு வந்தது. அது கோதுமை மாவின் சொட்டு. பாண் சுடுகிற போறணைக்காரருக்கு வருகிற வருத்தம் இது என்று தனுஷா தமிழில் சொன்னாள். வெந்ததைத் தின்னலாம். பச்சை மா பறக்கிற இடத்தில் மட்டும் நிற்கக் கூடாது. நின்றால் ஒருநாள் மூச்சு ஒரேயடியாக அடைத்துவிடும். முப்பது வருடம் சோறு போட்ட மா! வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

ஆன்ட்ரியாஸ் நல்ல மனிதர். முகமூடி வாங்கிக் கொடுத்தார், காற்றை இழுக்கிற இயந்திரம் பூட்டினார், கையைத் தட்ட வேண்டாம் என்று கெஞ்சியும் பார்த்தார். ஒரு மத்தியானம் மகேசன் மாப் பலகையிலேயே சரிந்தார், அம்புலன்ஸ் வந்தது. அதோடு கடைக்கு வரவேண்டாம் என்று ஆன்ட்ரியாஸ் அழாக்குறையாகச் சொல்லிவிட்டார். வேலை தேடிக் கொடுக்கிற அலுவலகத்தில் ஓர் இளம் பெண், வேறு என்ன வேலை செய்ய விருப்பம் என்று மிகவும் அன்பாகக் கேட்டாள். மகேசன் தன் கைகளைப் பார்த்தார்.

சத்தியபாமா மட்டும் மனம் தளரவில்லை. அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அவர் சுப்பர்மார்க்கெட்டில் விற்கிற பெட்டிப் பீட்சா ஒன்றை வாங்கி வந்து வீட்டு அடுப்பில் வைத்தார். ஐஸ்கட்டிபோல இருக்கிற அந்தச் சாமானை மகேசன் இத்தனை காலமும் வாசற்படி ஏறவிட்டதில்லை. இன்றைக்குத் தானாகவே மேசைக்கு வந்தார். சத்தியபாமா ஒரு துண்டை எடுத்து அவருடைய தட்டில் வைத்தார்.

“இஞ்சாருங்கோ, தம்பி கேக்கிறான், தைக்குக் கடையைத் திறப்பமோ எண்டு. இஞ்சத்தை மாவிலை என்ன மருந்தைக் கலக்கிறாங்களோ, அதுதான் உங்களுக்கு ஒத்துவருதில்லை. ஊர் மா, ஊர்க் காத்து எண்டால் ஒண்டும் செய்யாது.”

மகேசன் கையில் எடுத்த துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

“பாமா, போன முறை அங்கை நான் மா குழைச்சனான்.”

“ஓம், தம்பி சொன்னவன். அடுப்பு வெக்கையிலை தலை சுத்தினதாம்.”

“வெக்கை இல்லை. இதே இழுப்புத்தான். காத்துத்தான் அங்கை வேறை. மா ஒண்டுதான்.”

சத்தியபாமா அடுத்த துண்டை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“அப்ப நாங்கள் எங்கை போறது?”

மகேசன் துண்டை மடித்து வாயில் வைத்தார். மா வெந்திருந்தது, அதனால் ஒன்றும் செய்யவில்லை. மூச்சு எந்தத் தடையும் இல்லாமல் சீராக வந்து போனது. யாரோ சுட்டதை இனித் தின்னலாம், தன் கையால் குழைக்கத்தான் முடியாது; அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வாயில் வைத்ததை விழுங்க முடியாமல் விம்மி அழுதார்.