பவுடர் பூசிய கூடாரம்

முனியம்மாளுக்கு எழுதத் தெரியாது. ஆகவே வாடகைக்கு அனுப்பக் கூடாத கூடாரம் எதுவோ, அதன் பைக் கழுத்தில் சிவப்புத் துணிக் கீற்று ஒன்றைக் கட்டிவிடுவார். கோட்டூர்புரத்தில் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கும் அந்தக் கடையில் பதினெட்டுக் கூடாரங்களும் நாற்பத்தொரு மடக்கு நாற்காலிகளும் வாடகைக்குக் கிடைக்கும். வாரத்தில் மூன்று நாள் அங்கே பதிவேடு எழுதுவது என் வேலை. நான் எழுதியதை எவரும் புரட்டிப் பார்த்ததில்லை. அந்தச் சிவப்புக் கீற்றுக்கு மட்டும் எல்லோரும் கட்டுப்பட்டார்கள், சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள் வரை.

முனியம்மாளுக்கு ஐம்பத்தொரு வயது. அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். குடிசைகள் அகற்றப்பட்டபோது செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டவர். காலை ஏழு மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் ஒன்பதுக்குக் கடையைத் திறக்க முடியும். இதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் மயிலாப்பூரில் ஒரு பந்தல் ஒப்பந்தக்காரரிடம் இருந்தார். துணி, கயிறு, காற்று ஆகிய மூன்றையும் அவர் அறிந்த அளவுக்கு அந்தக் கடையில் வேறு யாரும் அறியவில்லை. திரும்பி வரும் ஒவ்வொரு கூடாரத்தையும் மொட்டை மாடியில் நிறுத்துவார். உள்ளே போய் உட்கார்ந்து தையல்களை வெளிச்சத்துக்கு எதிராகப் பார்ப்பார். ஈரம் முழுவதும் போகும் வரை மடிக்க விடமாட்டார். இந்த ஊர்க் காற்றில் ஈரத்தோடு மடித்த கூடாரம் ஒரு வாரத்தில் நாறும். அப்படியே விட்டால், தண்ணீரைத் தடுக்கும் உட்பூச்சு பிசுபிசுத்துத் தோல் உரிவதைப் போல உரியத் தொடங்கும். உரிந்த பூச்சைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை.

ஏழாம் எண் கூடாரம் அப்படித்தான் கெட்டது. ஆறு பேர் படுக்கக்கூடிய பெரிய கூடாரம் அது. ஏற்கெனவே பழையது, கடைசியாக எடுத்துப் போனவர்கள் நனைந்ததைச் சுருட்டிக் காரின் பின்புறத்தில் பதினொரு நாள் போட்டு வைத்திருந்தார்கள். ஜூன் இருபத்துமூன்றாம் தேதி முனியம்மாள் அதற்குச் சிவப்புக் கட்டினார். அவர் சொல்ல, நான் எழுதினேன்: “கூரை, தரை இரண்டிலும் பூச்சு உரிகிறது. அனுப்பக் கூடாது.” ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் கடை உரிமையாளர் கருணாகரனின் கையெழுத்தில் “சரிசெய்யப்பட்டது” என்று இருந்தது. பார்த்தேன். கேட்கவில்லை. நீண்ட விடுமுறை வரும் வாரம் அது. கூடாரம் கேட்டுத் தொலைபேசி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தணிக்கையாளர் ஸ்ரீரங்கன், அவர் மனைவி ஜானகி, எட்டு வயது மகள் மாளவிகா, ஸ்ரீரங்கனின் அக்கா அபயாம்பாள் என நான்கு பேர். ஏலகிரியில் இரண்டு இரவு தங்கும் திட்டம். ஸ்ரீரங்கன் கையில் அச்சிட்ட அட்டவணை இருந்தது. ஒவ்வொரு கூடாரத்துக்கும் நாற்காலிக்கும் எடை, உயரம், இணையத்தில் பிறர் தந்த மதிப்பெண் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. எடை குறைந்தவற்றுக்கு மஞ்சள் மை தீட்டியிருந்தார்.

“இந்த சேர் ஒரு கிலோகூட இல்லை. இது நாலு வேணும்” என்றார்.

முனியம்மாள் அந்த நாற்காலியை எடுத்து வந்து, மூலையிலிருந்த தகரத் தொட்டியில் வைத்தார். தொட்டியில் ஈர மணல் நிரம்பியிருந்தது. நாற்காலி கேட்டு வருபவர் யாராயினும் அந்த மணலில் ஒரு முறை உட்கார்ந்து எழ வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. கருணாகரனுக்கு அந்தத் தொட்டியைக் கண்டாலே ஆகாது.

“மாமி, நீ குந்து.”

அபயாம்பாள் உட்கார்ந்தார். நாற்காலியின் ஊசிக் கால்கள் நான்கு விரற்கடை மணலுக்குள் இறங்கின. தரையோடு தரையாகப் போன அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

“ஏண்டா ரங்கா, இது நாற்காலியா, தூளியா? என்னால ஏந்துக்க முடியலைடா!”

மாளவிகா சிரித்தாள். ஜானகி ஒரு பக்கமும் முனியம்மாள் மறுபக்கமும் பிடித்துத் தூக்கினார்கள்.

“எயுந்துக்க முடியாத சேர் இன்னாத்துக்கு சார்?” என்றார் முனியம்மாள். “கைப்பிடி கீற மாரி, உயரமா, கால்ல தட்டு வெச்ச மாரி எட்து.”

“அது நாலரை கிலோம்மா. அட்டவணையைப் பாருங்கோ, வெயிட்டுக்கு...”

“கார்ல தான போற? நீயா தூக்கினு போற? கார் தூக்குது. அதுக்கு இன்னா முட்டி வலியா?”

அபயாம்பாள் வாய்விட்டுச் சிரித்தார். ஸ்ரீரங்கன் சிரிக்கவில்லை. முதுகில் சுமந்து மலையேறுபவர்கள் எழுதிய மதிப்புரைகளை வைத்துக்கொண்டு, கார் கதவுக்குப் பத்தடி தூரத்தில் உட்காரப் போகும் அக்காவுக்கு நாற்காலி தேர்ந்திருந்தார் அவர். கூடாரத்திலும் அதே பிழை. நான்கு பேருக்கு நான்கு பேர் கூடாரம் என்று குறித்திருந்தார்.

“நாலு பேருன்னு போட்டா நாலு பாயிக்குத்தான் எடம்” என்றார் முனியம்மாள். “பொட்டி எங்க வெப்ப? செருப்பு? மாமி ராவுல எயுந்தா கொயந்தைய மெறிச்சிக்கினுதான் போணும். நாலு பேருக்கு ஆறு பேர் டெண்ட்டு எட்துக்கணும் சார்.”

கருணாகரன் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. “முனியம்மா சொல்றது கரெக்ட் சார். உங்க அதிர்ஷ்டம், ஆறு பேர் டென்ட் ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு.” உள்ளே போய் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

பையில் ஏழு என்று எழுதியிருந்தது. கழுத்தில் சிவப்பு இல்லை.

முனியம்மாள் பையின் வாயை அவிழ்த்தார். மல்லிகை மணக்கும் முகப்பவுடர் வாசனை அறை முழுவதும் பரவியது.

“வாசனையா இருக்கே!” என்றார் ஜானகி.

பிசுபிசுப்பை மறைக்க அதைவிட மலிவான வழி இல்லை. பவுடரைக் கொட்டித் தேய்த்தால் துணி கையில் ஒட்டாது, மடித்தால் சரசரக்கும், தொட்டுப் பார்ப்பவருக்குப் புதிது போலத் தோன்றும். முதல் மழையில் பவுடர் கரையும். அதற்குள் வாடிக்கையாளர் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார்.

“இது நா செவப்பு கட்டி வெச்ச டெண்ட்டு” என்றார் முனியம்மாள்.

“சரி பண்ணியாச்சு. நீ போய் ஆணியெல்லாம் எண்ணி வை.”

“பவ்டர் போட்டா சரியாய்டுமா? ஒயுவுற கூரைக்கு இன்னா மேக்கப்பு? இத்த உன் மூஞ்சிக்குப் போட்டுக்க மொதலாளி.”

“முனியம்மா! கஸ்டமர் முன்னாடி மரியாதையா பேசு.”

“கஸ்டமரக் கொண்டுபோய் மயையில படுக்க வெக்கறது மட்டும் மரியாதயா?”

ஸ்ரீரங்கன் அட்டவணையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “அம்மா, இந்த மாடலுக்கு வாட்டர் ரேட்டிங் மூவாயிரம், கொட்டற மழையே தாங்கும். நான் பாத்துட்டுதான் வந்திருக்கேன். நீங்க எப்பவாவது டென்ட்ல தங்கியிருக்கேளா?”

“ரெண்டு மாசம்” என்றார் முனியம்மாள். “வெள்ளம் வந்தப்போ. ஆத்தாங்கரையில, தார்ப்பாய் கட்டிக்கினு. அதுக்கு யாரும் ரேட்டிங் குட்க்கல சார்.”

கருணாகரன் மெல்லச் சிரித்தார். “இவங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் சார். நீங்க கையெழுத்துப் போடுங்க” என்று என் முன்னால் இருந்த பதிவேட்டை ஸ்ரீரங்கன் பக்கம் திருப்பினார்.

அந்தச் சிரிப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். முனியம்மாள் குனிந்து கூரைத் துணியை இரு கைகளாலும் உருவி எடுத்து, ஓங்கி உதறினார். ஒரு முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. பவுடர் வெள்ளைப் புகையாகக் கிளம்பி அறையை மூடியது. கருணாகரனின் கண்ணாடி, பதிவேடு, எங்கள் தலைமுடி எல்லாம் வெளுத்தன. தனக்குப் பின்னால் மாளவிகா நின்றுகொண்டிருந்ததை முனியம்மாள் கவனிக்கவில்லை.

குழந்தை இருமத் தொடங்கினாள். இருமல் நிற்கவில்லை. மூச்சு இழுக்கும்போது மார்பில் விசில் போன்ற சத்தம் கேட்டது. ஜானகி கைப்பையைத் தரையில் கவிழ்த்து இன்ஹேலரைத் தேடி எடுத்தார். ஸ்ரீரங்கன் மகளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

மருந்தை இரண்டு முறை இழுத்து, பத்து நிமிடம் காற்றில் உட்கார்ந்த பிறகு மூச்சு சீரானது. சீரானதும் ஸ்ரீரங்கன் முனியம்மாளிடம் திரும்பினார்.

“உங்களுக்கு அறிவிருக்கா? வீசிங் இருக்கிற குழந்தை! கோபம் வந்தா என்ன வேணா பண்ணுவேளா?”

முனியம்மாள் குழந்தையின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். “தப்புதான் கண்ணு. நா பாக்கல. மன்னிச்சிக்கோ” என்றார். பிறகு எழுந்து நின்றார்.

“கொயந்தைக்கிட்ட கேட்டுக்கினேன். உங்கிட்ட கேக்க மாட்டேன். பத்து நிமிசத்துக்கு இம்மாங் கோவம் வருதே, ரெண்டு ராவு இந்தக் கொயந்தைய அந்தப் பவ்டருக்குள்ள, அந்த ஈரத்துக்குள்ள படுக்க வெக்கப் போனியே, அதுக்கு யார் மேல கோவப்படுவ?”

ஜானகி கீழே போய் அந்தக் கூரைத் துணியைக் கொண்டு வந்தார். பவுடர் உதிர்ந்த இடங்கள் பசையாக ஒட்டின. நகம் பட்ட இடத்தில் மெல்லிய சவ்வு சுருண்டு வந்தது. இடக்கையை விரித்து அதன் மேல் துணியைப் போட்டு, தண்ணீர்ப் புட்டியைச் சாய்த்தார். எண்ணி ஏழு நொடி. துணியை விலக்கியபோது உள்ளங்கையில் தண்ணீர் தேங்கியிருந்தது.

“கை அழுத்தினா எந்தத் துணியிலும் கசியும்மா” என்றார் கருணாகரன்.

“அப்படியா? இன்னொண்ணு கொண்டு வாங்கோ.”

மூன்று பேர் கூடாரம் ஒன்று வந்தது. அதே கை, அதே புட்டி. அரை நிமிடம் ஊற்றியும் கை உலர்ந்தே இருந்தது. ஜானகி அந்தக் கையைக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஏன்னா, நன்னாப் பாத்துக்கோங்கோ. உங்க மூவாயிரத்தை.”

மூன்று பேர் கூடாரங்கள் இரண்டு மிச்சம் இருந்தன. அவற்றையே எடுப்பது என்று முடிவானது. அபயாம்பாளும் மாளவிகாவும் ஒன்றில், மற்ற இருவர் ஒன்றில். ஸ்ரீரங்கன் இறங்கி வந்து கையெழுத்திட்டார். கைப்பிடி வைத்த கனமான நாற்காலிகள் நான்கையும் அட்டவணையை எடுக்காமலே ஒப்புக்கொண்டார். விஷயம் அத்துடன் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

கூடாரம் நிறுத்திப் பழக ஸ்ரீரங்கன் மொட்டை மாடிப் படியேறி மறைந்ததும் கருணாகரன் என் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தினார். “பன்னிரண்டரைக்கு வேளச்சேரி பார்ட்டி வராங்க. கைக்குழந்தையோட. அவங்க பெருசாத்தான் கேட்டாங்க. ஏழாம் நம்பரை அவங்க பேர்ல எழுதிடு. இன்னொரு டப்பா பவுடர் வாங்கியாறேன்.”

நான் பேனாவைத் திறக்கவில்லை. முனியம்மாள் மீதி நாற்காலிகளை எடுக்கக் கீழே வந்து வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

அவர் கத்தவில்லை. தையல் பெட்டியிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தார். ஏழாம் எண்ணின் தரைத்துணியைத் தரையில் விரித்து, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, வாசல் பக்கத்திலிருந்து பின்புறம் வரை ஒரே நேர்கோட்டில் வெட்டினார். கருணாகரன் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வருவதற்குள் கூரையும் இரண்டாகியிருந்தது. பந்தல்காரரிடம் வேலை பார்த்தவர்; துணி வெட்டும்போது அவர் கை கோணாது.

“வேலையை விட்டுப் போ! இனிமே இந்தப் படி ஏறாதே!”

“ஏற மாட்டேன். நீ கூப்ட்டாலும் ஏற மாட்டேன். ஒரு வேலை பாதியில நிக்கிது, அத்த முட்ச்சிட்டுப் போறேன்.” கத்தரிக்கோலைப் பெட்டியில் வைத்து மூடினார். நாற்காலிகளில் இரண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

மாடியில் ஸ்ரீரங்கனும் ஜானகியும் முதல் கூடாரத்தை நிறுத்த முயன்றுகொண்டிருந்தார்கள். ஆணி அடித்துப் பழகுவதற்காக மண் மூட்டைகள் நான்கு மூலைகளிலும் கிடந்தன. அபயாம்பாள் கனமான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, தம்பி கம்பியைத் தலைகீழாகச் செருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆணிய நேரா அடிச்சா அப்டியே உருவிக்கினு வரும்” என்றார் முனியம்மாள். குரலில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. “கயிறு இந்தப் பக்கம் இய்க்குதுன்னா ஆணி அந்தப் பக்கம் சாயணும். உன் வூட்டுச் செவுத்துல அடிக்கிற ஆணி இல்ல சார் இது. காத்து வந்து தள்ளும்.”

ஸ்ரீரங்கன் அடித்திருந்ததைக் காலால் ஒரு உதை விட்டார். ஆணி தெறித்து, கூடாரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. மாளவிகா கைதட்டினாள்.

“முனியம்மா, மணி பதினொண்ணே முக்கால்” என்று கருணாகரன் கீழேயிருந்து கத்தினார். “கிளம்புறியா, இல்லையா?”

முனியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரிந்த கூடாரத்தின் முனையைப் பிடித்து ஸ்ரீரங்கனின் கையில் கொடுத்தார்.

“இன்னொரு தபா அடி.”

ஸ்ரீரங்கன் குனிந்து, மண் மூட்டையில் ஆணியைச் சாய்த்துப் பிடித்தார்.