மூடின கம்பெனியின் ஷேர்

அப்பா வேலை பார்த்த அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியை மூடிப் பல வருஷமாகிறது. கேட்டில் பூட்டு, உள்ளே ஆளுயரப் புல். ஆனால் அதன் ஷேர் மட்டும் மார்க்கெட்டில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. செத்த மாப்பிள்ளைக்குப் பெண் பார்க்கிற கூத்துதான். அந்தக் கூத்தில் என் அண்ணனும் போய்ச் சேர்ந்தான்.

அவனுக்கு ஐ.டி. வேலை. "கம்பெனி போனா இன்னா, நெலம் கீதுல்ல? அத்த வித்தா ஷேர் எங்கியோ பூடும்" என்று சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்கினான். வாங்கிய பிறகுதான் மகராசனுக்கு விஷயம் தெரிந்தது. நிலம் விற்றால் முதலில் தொழிலாளிகளின் பாக்கி, கடைசியில் ஏதாவது மிஞ்சினால்தான் ஷேர் வைத்திருப்பவனுக்கு. பாக்கி கேட்டு வழக்குப் போட்டவர்களில் அப்பாவும் ஒருவர். அந்தப் பணம் வந்தால் முட்டி ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துகொண்டிருந்தார்.

அப்புறம் கோர்ட்டுக்குப் போகிற நாளில் அவரை ஸ்டேஷன் வரை பைக்கில் கொண்டுவிடவும் அண்ணன் மறுத்தான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கல்லாவது ஒரு மூலையில் சும்மா கிடக்கும். இவன் அப்பா தோற்க வேண்டும் என்று சாமி கும்பிட்டான், நான் வடித்த சோற்றைத் தின்றுகொண்டே.

போன மாதம் அப்பாவோடு லேத்தில் நின்ற, வழக்கிலும் கூட இருந்த ஒருவர் இறந்துபோனார். சாவுக்குப் போய் வந்து, குளித்துவிட்டு, அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அண்ணன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான்.

"இன்னும் எத்தினி பேருப்பா பாக்கி கீறீங்க?"

அப்பா நிதானமாகச் சொன்னார்.

"ஆளு பூட்டா பொண்டாட்டி வாங்குவா. அவளும் பூட்டா புள்ள வாங்குவான். சாவுல தீர்ற கணக்கில்லடா இது."

"அப்ப உன்னுதயாவது வாபஸ் வாங்கிக்கயேன்" என்றான் அண்ணன்.

"பேப்பர எட்த்துனு வா, கையெழுத்து போடறேன்" என்றார் அப்பா. அவனுக்குக் கொஞ்சமாவது உறைக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னார்.

மறுநாள் காலை அவன் நிஜமாகவே டைப் அடித்து எடுத்து வந்தான். பேனா மூடியைக்கூட அவனே கழற்றிக் கொடுத்தான். வேண்டாம்பா என்று நான் கையைப் பிடித்தேன். அப்பா என் கையை விலக்கிவிட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் தாளை வாங்கி உற்றுப் பார்த்தான். "கேஸுக்கு வக்கீலாண்ட போட்டதும் இதே கையெழுத்துதானப்பா?" என்று கேட்டான்.